மலையேறும் குடும்பங்களுக்கு ஒரு சொல்



பாபநாசம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய மடல் என் முன் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவரது வேண்டுகோள். அவர் எழுதியிருப்பதன் சாரம் இது:

"என் கணவர் ஈராண்டுக்கு ஒருமுறை வளைகுடாவிலிருந்து வருகிறார். 45 நாள் விடுமுறை. அதில் பாதி, உறவினர் வீட்டு விருந்துகளிலும் வங்கி, பத்திர அலுவலக வேலைகளிலும் கழிந்துவிடும். இம்முறை பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறார். விடுதி வாடகை கட்டுபடியாகவில்லை. வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, மலையில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்கிறார் என் கணவரின் தம்பி. 'வீடு வாசல் இல்லாதவர்களைப் போல் வெட்டவெளியில் படுப்பதா?' என்று மாமியார் கேட்கிறார். என் கவலையோ வேறு. போன முறை ஏற்காடு சென்றபோது எல்லோரும் மலையைப் பார்த்தார்கள்; நான் அடுப்பைப் பார்த்தேன். இம்முறையும் அப்படித்தானா?"

இம்மடலில் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. இப்படித் தங்குவது நமக்குத் தகுமா? பாதுகாப்பானதா? அதனால் யாருக்கு ஓய்வு கிடைக்கும்? மூன்றாவது வினாவே கனமானது. ஆயினும் வரிசையாகவே பார்ப்போம்.

முதலில் அந்தப் பெரியம்மாவின் கேள்வி. அவரது பாட்டனார் காலத்தில் நாகூர் கந்தூரிக்குச் சென்ற குடும்பங்களை அவர் நினைவுகூர வேண்டும். கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, தேக்சாவும் அரிசி மூட்டையும் பின்னால் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். இருட்டியதும் வாய்க்காலோரப் புளிய மரத்தடியில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி உலை வைப்பார்கள். அதை யாரும் மானக்குறைவாகக் கருதவில்லை. வழிப்போக்கர் தங்குவதற்கென்றே தஞ்சை மராட்டிய மன்னர்கள் நெடுகச் சத்திரங்கள் எழுப்பினார்கள். 1802இல் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. சம்பா அறுவடை முடிந்ததும் தெற்கேயிருந்து வந்து நம் வயல்களில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளைப் பாருங்கள். மாதக்கணக்கில் வானத்தின் கீழ் உறங்குகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் ஒழுங்கும் உண்டு, மானமும் உண்டு.

கூண்டு வண்டியின் இந்த வழக்கத்தைத்தான் மேலை நாட்டினர் மோட்டார் வண்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்த வீட்டு வண்டியில் குடும்பத்தோடு புறப்பட்டு, மலைக்காடுகளில் அதற்கென ஒதுக்கிய திடல்களில் நிறுத்தித் தங்குகிறார்கள். அமெரிக்காவின் தேசியக் காடுகளில் இத்தகைய திடல்கள் ஏராளம். அவற்றுள் மிக எளிய வகையில் மின்சாரம் இராது. ஒரு கைப்பம்பு, ஒரு குழிக் கழிப்பிடம், ஒரு மரமேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், அவ்வளவே. செல்வம் கொழிக்கும் நாட்டிலும் மக்கள் இதை விரும்பித் தேடிப் போகிறார்கள். நம் பக்கத்தில் கேரள அரசு 2021இல் வீட்டு வண்டிச் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டு வாகமன் மலையில் அவ்வண்டிகளுக்கான பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. எனினும் நம் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கு வாடகை வேனும் தார்ப்பாய்க் கூடாரமுமே வீட்டு வண்டி. அதனால் ஒரு குறையும் இல்லை.

இனி, என் சொந்த அனுபவத்தைக் கூறுகிறேன். அதில் நாங்கள் செய்த பிழைகளே மிகுதி, ஆகவே பயன்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில் இரண்டு குடும்பங்களாகப் பதினோரு பேர் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். என் தாயார், என் மனைவி, மக்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மைத்துனர், அவர் மனைவி, அவர்களின் நான்கு வயது மகன். திருச்சி, முசிறி, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தபோது லுஹர் நேரம். அங்கே தொழுதுவிட்டு மலையேறத் தொடங்கினோம்.

அம்மலைப்பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. பிள்ளைகள் முதலில் உற்சாகமாக எண்ணினார்கள். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தி வாந்தி எடுத்தார்கள். பகலில் வயிறு முட்ட நெய்ச்சோறும் தால்சாவும் உண்டுவிட்டு மலையேறியது எங்களின் முதல் பிழை. ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இட்லி போன்ற எளிய உணவை அளவாக உண்ண வேண்டும். பிள்ளைகளை முன் இருக்கையில் அமர்த்தித் தொலைவில் உள்ள பாதையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குனிந்து கைப்பேசி பார்க்கும் பிள்ளைக்கே முதலில் குமட்டும்.

நாங்கள் தங்கியது மலைவாழ் உழவர் ஒருவரின் தோட்டத்து ஓரம். பலா மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, நடுவே வேனை நிறுத்த ஒரு திடல். ஒரு தண்ணீர்த் தொட்டி, சற்றுத் தள்ளி ஓடு வேய்ந்த கழிப்பிடம் ஒன்று. மின்விளக்கு இல்லை. பெண்களும் குழந்தைகளும் வேனுக்குள்ளும் ஆண்கள் கூடாரத்திலும் உறங்குவதென ஏற்பாடு.

மாலையில் சோறு வடிக்கத் தொடங்கினோம். நெல் விளையும் நாட்டிலிருந்து போனவர்கள் நாங்கள். சோற்றில் தோற்போம் என்று கனவிலும் எண்ணவில்லை. ஊரில் வேகும் நேரம் கடந்தும் அரிசி நடுவில் விறைத்தே நின்றது. என் மனைவி அரிசியைக் குறை கூற, நான் அடுப்பைக் குறை கூறினேன். உண்மைக் காரணம் வேறு. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையத் தண்ணீர் விரைவில் கொதித்துவிடுகிறது. நம் ஊரில் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும் நீர், 1200 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதிக்கும். கொதிநீரின் சூடே குறைவென்றால் சோறு வேக நேரம் பிடிக்காதா? உதகை உயரத்தில் இது இன்னும் குறையும். அரை மணி நேரம் அரிசியை ஊறவைத்து, அழுத்தக் கலத்தில் சமைத்தால் இத்தொல்லை இல்லை. எங்கள் அவதியைக் கண்ட தோட்டத்து மூதாட்டி, "மலையிலே நெல்லுச்சோத்துக்குப் பொறுமை வேணும்மா" என்று சொல்லிச் சிரித்து, தம் வீட்டுச் சாமைச் சோற்றில் ஒரு சட்டி கொண்டுவந்து தந்தார். பிள்ளைகள் அதைத்தான் முதலில் காலி செய்தார்கள்.

இரண்டாம் பிழை குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பது பள்ளிப் பாடம். பகலில் அது சுகமாகவே இருந்தது. நள்ளிரவுக்குப்பின் பனி இறங்கியபோது, ஆளுக்கொரு போர்வை போதாதென்று புரிந்தது. குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழே தரையிலிருந்தே மிகுதியாக ஏறும். விரிப்புக்குக் கீழே தார்ப்பாயும், அதன்மேல் கோரைப்பாயும், அதன்மேல் ஜமக்காளமுமாக அடுக்கிப் படுத்தால்தான் உறக்கம் வரும். மூன்றாம் பிழை, ரொட்டிப் பொட்டலங்களைக் கூடாரத்துக்கு வெளியே வைத்தது. விடியலில் குரங்குகள் எங்களுக்கு முன்பே பசியாறிவிட்டன.

இத்தனை பிழைகளுக்கிடையே ஒரு காட்சியை மட்டும் நான் மறக்கவில்லை. மைத்துனரின் மகன் அதுவரை தன் அத்தாவைக் கைப்பேசித் திரையில் கண்டதே மிகுதி. நேரில் வந்திருந்த அந்த மனிதரிடம் ஒரு வாரமாக அவன் ஒட்டவே இல்லை. எதற்கும் நன்னியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான். அன்றிரவு கழிப்பிடம் செல்ல எழுந்தவன், வெளியே கும்மிருட்டைக் கண்டு அழத் தொடங்கினான். மைத்துனர் அரிக்கேன் விளக்கை ஏந்திக்கொண்டு கையை நீட்டினார். தயங்கிய பிள்ளை, பின்பு அந்தக் கையைப் பற்றிக்கொண்டான். விளக்கொளி மரங்களுக்கிடையே போய்த் திரும்புவதைக் கூடாரத்திலிருந்தபடி பார்த்தேன். திரும்பும்போது பேச்சுக் குரல் கேட்டது. "அத்தா, அது என்ன சத்தம்?" "வண்டுடா." "இது?" "அதுவும் வண்டுதான்." விடுதி அறையில் விளக்குச் சுவிட்சைத் தட்டினால் தீரும் இந்த அச்சம், அங்கே ஒரு தகப்பனையும் மகனையும் இணைத்துவிட்டது. மறுநாள் முழுதும் அவன் அத்தாவின் தோளைவிட்டு இறங்கவில்லை.

சகோதரிக்கு நான் கூற விரும்புவது இதுதான். எளிய தங்கலில் வசதிகள் குறைவு. ஆகவே ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறார்கள். ஈராண்டு பிரிந்திருந்த குடும்பத்துக்கு அதைவிட நல்ல மருந்து ஏது?

அடுத்து, பாதுகாப்பு. இதில் அலட்சியம் கூடாது.

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றமாகும். தோட்ட உரிமையாளர் இசைவு தந்த தனியார் நிலத்திலோ, வனத்துறை நடத்தும் தங்குமிடத்திலோ மட்டுமே தங்குங்கள். யானை நடமாடும் மலைகளில், யார் இசைவு தந்தாலும் கூடாரத்தில் தங்க வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்ல, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. புறப்படுமுன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நெருப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் பகுதி உழவர் குடும்பங்களுக்கு ஓய்வு கிடைப்பது சம்பா அறுவடைக்குப் பின், மாசி, பங்குனியில். மலையில் புல்லும் சருகும் காய்ந்து கிடப்பதும் அதே காலம்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகள் வகுத்தது. ஆகவே, மூன்று கல் கூட்டி விறகு எரிக்கும் பழைய ஆசையை மலையில் மூட்டை கட்டி வையுங்கள். சிறிய எரிவாயு அடுப்பு போதும். அதையும் கூடாரத்துக்கு வெளியே, சருகு நீக்கிய வெற்றுத் தரையில் வைத்து, அருகில் ஒரு வாளித் தண்ணீரோடு பயன்படுத்துங்கள். மூடிய வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அடுப்பையும் கரி நெருப்பையும் எக்காரணம் கொண்டும் மூட்டாதீர்கள். அதில் எழும் நச்சுக்காற்று உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

வண்டியோட்டி மலைப்பாதையில் பழகியவராக இருத்தல் வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்; எந்த கியரில் ஏறினோமோ அதே தாழ்ந்த கியரில் இறங்குவதே முறை. குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டியவர் இறங்குகிறவர். இருட்டியபின் மலையேறவே வேண்டாம்.

மழைக்காலத்திலும் ஓடைக்கரையிலும் சரிவின் அடியிலும் கூடாரம் அடிக்கக் கூடாது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டின் சூரல்மலை, முண்டக்கை ஊர்களை நிலச்சரிவு அழித்து, இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அதே ஜூலைக் கடைசியில்தான் மேட்டூர் அணை 120 அடியை எட்டி நிரம்பியது, நாமெல்லாம் மகிழ்ந்தோம். வயநாட்டின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை கபினி வழியாக நம் வயலுக்கு வருகிறது. அதே மாவட்டத்தின் மேற்குச் சரிவில் அந்த மழை ஊர்களையே புதைத்தது. ஒரு மழை, ஒருவருக்கு நெல், மற்றொருவருக்குக் கண்ணீர். மலைக்குச் செல்லும்போது நாம் எவருடைய வாசலுக்குச் செல்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

இதையொட்டி இன்னொன்றும் உண்டு. கொல்லிமலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்றால் ஆகாயகங்கை அருவியைக் காணலாம். அதில் விழும் ஐயாறு புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு இறங்கிக் காவிரியைச் சேர்கிறது. அருவியின் மேலே ஓடையில் பாத்திரம் துலக்கிச் சோப்பு நுரையை விட்டு வரும் குடும்பம், யாருடைய தண்ணீரைக் கெடுக்கிறது? கடைமடையில் நின்று தண்ணீருக்கு ஏங்கும் நாமே மலையில் அதைச் செய்யலாமா? அமெரிக்கத் திடல்களில் தங்குவோர்க்கு ஒரு பாடம் சொல்லித் தரப்படுகிறது: நீர்நிலையிலிருந்து 200 அடிக்கு அப்பால்தான் கூடாரமும் துலக்கலும் குளியலும். அதை நாமும் கைக்கொள்வோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. வாழையிலை நம் ஊரில் இல்லாததா? சஹனில் கூடி உண்பது நம் வீடுகளில் இல்லாத பழக்கமா? காகிதத் தட்டுகளும் நெகிழிக் குவளைகளும் எதற்கு? கொண்டுசென்ற குப்பையைச் சாக்கில் கட்டி ஊருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பெண்களுக்கான வசதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது ஆண்களின் கடமை. கழிப்பிடம் இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் எவ்வளவு தூரம், இரவில் துணைக்குச் செல்பவர் யார் என்பனவற்றைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்த பின்பே முன்பணம் கொடுங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் ஆண்மகன். அங்கே போய் அவதிப்படுபவள் பெண். மறைப்புக்காக இரண்டு கெட்டியான சேலைகளும் கயிறும் எடுத்துச் செல்லுங்கள். ஒளுச் செய்யவும் குடிக்கவும் தனித்தனிக் குடங்கள் வேண்டும். பயணிக்குத் தொழுகையைச் சுருக்கித் தந்திருக்கிறது மார்க்கம். அந்த எளிமையே பயணத்தின் மற்றக் காரியங்களிலும் இருக்கலாம் அல்லவா?

நிறைவாக, அடுப்பைப் பார்த்த சகோதரியின் துயரம். எங்கள் பயணத்திலும் முதல் நாள் அதுவே நடந்தது. ஆண்கள் நாங்கள் பாறைமேல் அமர்ந்து கதைபேச, பெண்கள் இருவரும் அரைவேக்காட்டுச் சோற்றோடு போராடினார்கள். என் தாயார்தான் குரல் கொடுத்தார். "வண்டி கட்டிக்கிட்டு நாகூருக்குப் போன காலத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டுறதும், விறகு பொறுக்குறதும், தேக்சா கழுவுறதும் உங்க நன்னாதாண்டா. பொம்பளைங்க சோறு மட்டுந்தான் வடிச்சோம்" என்றார். பாறையிலிருந்து நாங்கள் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் தண்ணீர் சுமப்பது, காய் நறுக்குவது, பாத்திரம் துலக்குவது எல்லாம் எங்கள் பொறுப்பாயின. என் மனைவி தேநீர்க் குவளையோடு அதே பாறையில் அமர்ந்து மலையைப் பார்த்தாள். திருமணமாகிப் பல ஆண்டுகள் கழிந்தும், அவள் வேலை எதுவுமின்றி அமர்ந்திருந்ததை அதற்கு முன் கண்டதாக எனக்கு நினைவில்லை. அந்த எண்ணம் எனக்கு வெட்கத்தையே தந்தது.

ஆகவே, சகோதரியே! புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து, யார் யாருக்கு என்ன வேலை என்று உங்கள் கணவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். முதல் நாள் உணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு ஒரு குழம்பு போதும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். ஓரிரவோ ஈரிரவோ போதும். மூன்றாம் நாள் களைப்பும் சலிப்பும் வந்துவிடும். வளைகுடாவில் பலரோடு ஓர் அறையைப் பகிர்ந்து, தாமே சமைத்துத் தாமே துவைத்து வாழ்கிறவர் உங்கள் கணவர். பாத்திரம் துலக்க அவருக்குத் தெரியாதென்று எவரும் சொல்ல முடியாது. ஊருக்கு வந்தால்தான் அது மறந்துபோகிறது.

மாமியாரையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வேனில் முன் இருக்கையை அவருக்குக் கொடுங்கள். இரவில் விளக்கைத் தணித்துவிட்டு, கூண்டு வண்டிக் காலத்துக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். வெட்டவெளியில் படுப்பதா என்று கேட்டவர், அந்தக் கதையை விடிய விடியச் சொன்னாலும் வியப்பதற்கில்லை.

போய் வாருங்கள். பயணம் நலமாய் அமைய அல்லாஹ் அருள்புரிவானாக! திரும்பி வந்ததும் மறவாமல் எழுதுங்கள்: இம்முறை மலையைப் பார்த்தீர்களா?